மூன்று வருஷப் பேச்சு

ரேடியோ எங்கே என்று கேட்டால் அந்தத் தொழிற்சாலையில் வாசல் காவலாளி முதல் கேண்டீனில் தட்டு கழுவுகிறவர் வரைக்கும் கை காட்டுவார்கள். கார்த் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் மூன்றாவது லைன் ஓட்டுகிறவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்கு வாய் ஓயாது. மேனேஜர் மாதிரி இருமிக் காட்டுவார். சூப்பர்வைசர் மாதிரி மூக்கை உறிஞ்சுவார். பஸ் கண்டக்டர் குரலில் "உள்ள போ, உள்ள போ" என்று சாப்பாட்டு வரிசையை நகர்த்துவார். யாரோ வைத்த பேர் ஒட்டிக்கொண்டது. அவர் மனைவியையும் அவள் வேலை பார்த்த பிஸ்கட் கம்பெனியில் "ரேடியோ சம்சாரம்" என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த ரேடியோ மூன்று வருஷமாக வீட்டில் பாடுவதில்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர்கள் குடியிருந்தது லாரிகள் போகும் பெரிய சாலை மேல், ஒரு டயர்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில். ஒரு அறை, ஒரு சமையலறை, ரெண்டு பேர் நின்றால் இடித்துக்கொள்கிற பால்கனி. கல்யாணமாகி அவர்கள் வந்தபோது அந்தச் சாலையில் ஒரே ஒரு தொழிற்சாலைதான். இரண்டு லாரி எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்கும். இப்போது பதினோரு தொழிற்சாலை. சாலைக்கு மேல் ஒரு பாலம், பாலத்துக்கும் மேலே ரயில். ரயில் போகும்போது அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து வைத்தால் மத்தியானத்துக்குள் தரையில் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. பிரஸ் ஷாப்பிலும் ஒரு லைன் இருந்த இடத்தில் ஆறு லைன் வந்துவிட்டது. அப்போது நிமிஷத்துக்கு ஏழு கார்க்கதவு அடித்த யந்திரம் இப்போது பதினாறு அடித்தது. அவள் ஒருமுறை குடும்ப நாள் என்று கூட்டிப் போனபோது உள்ளே பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு அடிக்கும் அடிவயிறு குலுங்கியது. அங்கே யாரும் பேசவில்லை. கை விரலை ஆட்டி, தலையை வெட்டி, கண்ணைச் சிமிட்டித்தான் வேலை நடந்தது.

அவர்களுக்கு ஒரே பெண். வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். படிப்பு முடிந்ததும் போன் தயாரிக்கிற தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து, பதினெட்டு மணி நேரப் பஸ் தூரத்தில் இருந்த இன்னொரு நகரத்துக்குப் போனாள். அப்பாவுக்கு இஷ்டமில்லை. "இங்க இல்லாத கம்பெனியா அங்க இருக்கு? தெருவுக்கு நாலு இருக்கே" என்றார். அவளோ அவருக்குப் பிறந்தவள். பேச்சில் விட்டுக்கொடுக்க மாட்டாள். "எல்லா கம்பெனியும் அப்பாவோட தெருவுலயே இருக்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவளிடமிருந்து போன் வரும். விடுதி அறையில் எட்டுப் பேர், ஒருத்தி தூக்கத்தில் சிரிப்பாள், குழாயில் வெந்நீர் வருவதில்லை, லைன் லீடர் ஒரு கிறுக்கு என்று அம்மாவிடம் அரை மணி நேரம் கொட்டுவாள். கடைசியில் "அப்பாகிட்ட குடும்மா" என்பாள். அவர் வாங்கிக் காதில் வைத்து, "ம்... சரி... சரி... உடம்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மூன்று வருஷமாக இதே ஐந்து வார்த்தை.

"இன்னும் கோவமாம்மா அவருக்கு?" என்று பாப்பா கேட்பாள்.

"அவர் கிடக்கார் விடு" என்று சொல்லி இவள் சமாளிப்பாள். போனை வைத்ததும் அவரைப் பிடித்துக்கொள்வாள்.

"டயர்கடைக்காரரோட மட்டும் மணிக்கணக்கா சிரிச்சுப் பேசத் தெரியுது. பெத்த பொண்ணுகூடப் பேச வாய்க்குப் பூட்டா? என்னமோ ஊர்ல யாரும் வேலைக்குப் போகாத மாதிரி. இப்படி ஒரு வைராக்கியம் ஆகாதுங்க."

அவர் தினசரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பதில் வராது. அந்த மௌனம்தான் அவளைத் தின்றது. முன்னெல்லாம் அவள் சமையலறையிலிருந்து ஒன்று சொன்னால் அவர் அறையிலிருந்து இரண்டு சொல்வார். சுவரைத் தாண்டிப் பேச்சு பந்து மாதிரி போய் வரும். இப்போது சுவரில் பட்டு அவளிடமே விழுந்தது. பொண்ணு மேல் இருக்கிற கோபத்தை என் மேல் காட்டுகிறார் என்று அவள் நினைத்தாள். கம்பெனியில் பிஸ்கட்டை அடுக்கி அடுக்கிப் பெட்டியில் வைக்கும்போது, பழைய ரேடியோவை நினைத்துக்கொள்வாள். வேலையிலிருந்து வந்ததும் அவள் தலையை மோந்து பார்த்து, "இன்னிக்கு பால் பிஸ்கட்டா, இஞ்சி பிஸ்கட்டா?" என்று கேட்ட ஆள். அதே ஆள்தான் வீட்டில் இருக்கிறார், அதே சட்டையைத்தான் மாட்டுகிறார். ஆனால் அந்த ஆளுக்காக மனசு ஏங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பாவின் போன் வழக்கம்போலப் பத்து மணிக்கு வந்தது. அன்று அவள் ஊர்க்கதை எதுவும் பேசவில்லை.

"அம்மா, நாலு நாள் லீவு குடுக்கறாங்க. அப்பாகிட்ட குடு. நானே கேக்கறேன்."

"என்ன கேக்கப் போற?"

"வரட்டுமான்னு. அவர் வான்னு சொல்லட்டும், வர்றேன்."

"வீட்டுக்கு வர்றதுக்கு எதுக்குடி உத்தரவு?"

"குடும்மா."

கொடுத்தாள். அவர் வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பி நின்று வாங்கினார். இன்றைக்கு என்னதான் சொல்கிறார் பார்ப்போம் என்று அவள் அவர் முகத்துக்கு நேரே போய் நின்றுகொண்டாள்.

"ம்..." என்றார். கொஞ்ச நேரம் விட்டு, "சரி" என்றார்.

அப்போது அவள் பார்த்தாள். பழைய பட்டன் போன் அது. பேசிக்கொண்டிருந்தால் விளக்கு எரியும். விளக்கு அணைந்திருந்தது. லைன் அறுந்துபோயிருந்தது. அவர் அணைந்த போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சரி, சரி" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சொல்ல வாயெடுப்பதற்குள் போன் மறுபடி அடித்தது. அவர் காதிலேயே அடித்தது. டயர்கடை வரைக்கும் கேட்கிற மணி. அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

"உடம்பப் பாத்துக்க" என்றார், அலறுகிற போனிடம்.

அவள் போனைப் பிடுங்கிப் பட்டனை அமுக்கினாள். அந்தப் பக்கம் பாப்பா அழுதுகொண்டிருந்தாள். "வரட்டுமாப்பான்னு ஒரே வார்த்தைதாம்மா கேட்டேன். கட் பண்ணிட்டார்."

"அவர் கட் பண்ணலடி. தானா கட்டாயிருச்சு. நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன்..."

"நீ எப்பவும் அவர் பக்கம்தான். இனிமே நான் போன் பண்ணல."

அவ்வளவுதான். விளக்கு அணைந்தது.

அவள் போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் பிடிபட்ட திருடன் மாதிரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை நாளா?" என்றாள்.

அவர் அவள் வாயைப் பார்த்தார். வாயைத்தான் பார்க்கிறார் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

"எத்தனை நாளாங்க?"

"நாலு வருஷம் இருக்கும்" என்றார். "மொதல்ல மணி சத்தம் போச்சு. அப்புறம் குருவி. அப்புறம்..." தொண்டையைச் செருமினார். "ஆம்பளைங்க பேசறது இன்னும் கொஞ்சம் கேக்குது. கனத்த குரலா இருந்தா கேக்கும். டயர்கடைக்காரருக்குப் பெருங்குரல். பொம்பளைங்க குரல்தான்... முழுசாப் போச்சு."

"பஞ்சு மாதிரி ஒண்ணு குடுத்தாங்களே, காதுல அடைக்க?"

"அது அப்புறம்தான வந்துது. அதையும் ரெண்டு காதுலயும் வெச்சா தகடு ஏறுமாறா மாட்டறது தெரியாது. அதுக்கு ஒரு சத்தம் இருக்கு. அதக் கேக்காம விட்டா, கை போயிரும். எனக்கு இல்லேன்னா பக்கத்துல நிக்கறவனுக்கு. அதனால ஒண்ண எடுத்துட்டு ஓட்டுவேன்."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நிமிர்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

"அப்ப நான் திட்டினதெல்லாம்?"

"ஒண்ணும் கேக்கல."

"ஒண்ணுமேவா?"

"மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா? அதான் பேப்பரையே பாத்துட்டிருப்பேன்."

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. மூன்று வருஷம் எவ்வளவு திட்டியிருக்கிறாள். எல்லாம் வீண்!

"பாப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே. அந்தப் புள்ள நீங்க கோவமா இருக்கீங்கன்னு நெனச்சு மூணு வருஷமா வேகுது."

"கோவம்னு நெனச்சா அவ அங்கயே இருப்பா. வீம்புக்காரி. காது போச்சுன்னு தெரிஞ்சா வேலைய விட்டுட்டு வந்து பக்கத்துல உக்காந்துக்குவா. அதுக்குக் கோவமே தேவலாம்னு இருந்துட்டேன். அதோட, வெளிய தெரிஞ்சா பிரஸ்ல விடமாட்டாங்க. போன வருஷம் அஞ்சு பேரக் கண்டுபிடிச்சு எடுத்துட்டாங்க. மூணு பேர் யார்டுல, ரெண்டு பேர் எங்க போனாங்கன்னே தெரியல. வர்ற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன் எனக்கு டெஸ்ட்டு."

இதுவரை அவர் தப்பித்த விதத்தையும் சொன்னார். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துக் காதில் சத்தம் விடுவார்கள். கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். அவர் கண்ணாடி வழியாக நர்சம்மாவின் கட்டைவிரலைப் பார்ப்பார். விரல் அழுந்தினால் இவரும் அமுக்குவார். இந்த வருஷம் வேன் ஒன்று வருகிறதாம், கூண்டுக்கு ஜன்னலே கிடையாதாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. வரவில்லை. இவள் கூப்பிட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது.

"நீங்களாவது பேசுங்களேன். கேக்காட்டி என்ன, வான்னு சொல்றதுக்குக் காதா வேணும்?"

"சொன்னா அவ பதிலுக்கு ஏதாவது கேப்பா. நான் கோணலா ஒண்ணு சொல்வேன். கண்டுபிடிச்சிருவா. டெஸ்ட்டு முடியட்டும்." பிறகு தயங்கிக்கொண்டே, "நீ கொஞ்சம் ஒத்தாசை பண்ணேன்" என்றார்.

ஒத்தாசை என்றால் ஒத்திகை. அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அவள் பின்னால் ஒரு டம்ளரும் ஸ்பூனுமாக உட்கார்ந்தாள். அவள் தட்ட வேண்டும், கேட்டால் அவர் விரலைத் தூக்க வேண்டும்.

தட்டினாள். விரல் அசையவில்லை. பலமாகத் தட்டினாள். இல்லை. மூன்றாம் முறை தட்ட ஸ்பூனை ஓங்கினாள், தட்டவில்லை. அவர் விரல் மேலே போனது.

"இப்பத்தான?" என்றார் சுவரைப் பார்த்தபடி.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அவர் பிடரியில் முடி நரைத்திருந்தது, சட்டைக் காலருக்குக் கீழே எண்ணெய்க் கறை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே அவள் பேசத் தொடங்கினாள். மெதுவாகத்தான் பேசினாள்.

"உங்ககூடப் பேசி எவ்வளவு நாளாச்சு தெரியுமா. சமையக்கட்டுல நின்னு எனக்கு நானே பேசிக்கறேன். நீங்க சொல்ற மாதிரி பதிலும் நானே சொல்லிக்கறேன். சிரிப்பு வர்ற மாதிரி எனக்குச் சொல்ல வரல."

அவர் விரலைத் தூக்கினார்.

"நேத்து கம்பெனியில சீல் போடறவ ஒரு பாட்டுப் பாடினா. நீங்க பாடுவீங்களே, அது. கேட்டதும் நான் அட்டைப் பெட்டிக்குப் பின்னாடி போய் நின்னுட்டேன். கோவம்னு நெனச்சுட்டேங்க. என்னையும் வெறுத்துட்டீங்களோன்னுகூட..."

விரல் மறுபடி எழுந்தது. கொஞ்சம் நம்பிக்கையோடு, பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்த பிள்ளை மாதிரி.

"இதானே? இது கேட்ட மாதிரி இருந்துச்சு" என்றார்.

அவள் எழுந்துபோய் பின்னாலிருந்து அவர் தோளில் கை வைத்தாள். அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். எத்தனை சரி என்று கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை.

"அவ குரல நெனச்சு நெனச்சுப் பாக்கறேன்" என்றார். "வரமாட்டேங்குது. சின்னப் புள்ளையா இருந்தப்ப மாடிப்படியில இருந்து கத்துவாளே, அந்தக் குரல்தான் வருது. இப்ப இருபத்திரெண்டு வயசு. எப்படிப் பேசறா? உன்ன மாதிரியா?"

"உங்கள மாதிரி" என்றாள். "வாய மூடறதே இல்ல."

வியாழக்கிழமை அவருக்குக் காலை ஷிஃப்ட். அவள் ஐந்து மணிக்குக் கம்பெனி விட்டு, நெரிசலில் பாலத்தடியில் நடந்து, மூன்று மாடி ஏறி வந்தபோது அவர் சோறு வடித்து, நாலு முட்டை அவித்து வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"டாக்டரம்மா நல்லவங்க. பேசிப் பாத்தாங்க, எனக்குப் புரியலன்னதும் எழுதிக் காட்டுனாங்க."

தாளில் பேனாவால் பெரிது பெரிதாக எழுதியிருந்தது: 'சத்தம் வராதபோது இருபத்தொரு முறை அமுக்கியிருக்கிறீர்கள். எதற்கு இவ்வளவு பயம்?'

"என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது. இருபத்தொண்ணா, கொறச்சலாத்தான் இருக்குன்னேன். அவங்க சிரிக்கல."

மறுநாளிலிருந்து யார்டில் வேலை. பிரஸ்ஸில் வெட்டி விழுந்த தகட்டுத் துண்டுகளை வாரி லாரியில் ஏற்றுகிற இடம். ஐம்பது வயதில் மண்வெட்டி. காதுக்கு மெஷின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், வர ஆறேழு மாசமாகும். வந்தாலும் சத்தம்தான் கேட்கும், பேச்சு பிரியுமா என்று சொல்ல முடியாது என்று எழுதிக் காட்டினாராம் டாக்டரம்மா. இதையெல்லாம் அவர் இன்னொருத்தர் கதை மாதிரி சொன்னார். சொல்லி முடித்துவிட்டு மூச்சு விட்டார். மூட்டையை இறக்கி வைத்த மூச்சு.

"சாப்பிடுவோமா?" என்றாள்.

"இரு. போனப் போடு."

"யாருக்கு?"

"யாருக்குன்னு கேக்கற பாரு."

அவள் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். ரொம்ப நேரம் அடித்தது. கடைசியில் அந்தப் பக்கம் எடுக்கிற சத்தம் கேட்டதும் விரலைத் தூக்கிக் காட்டினாள். அவர் போனை வாங்கினார். காதில் வைக்கவில்லை. இரண்டு கையாலும் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, அப்பா பேசறேன். நீ எதுவும் சொல்லாத. சொன்னாலும் எனக்குக் கேக்காது. கோவம்லாம் இல்ல. காதுதான் போச்சு. நாலு வருஷமாச்சு. நீ பேசினது ஒரு வார்த்தை எனக்குக் கேக்கல. சும்மா சரி சரின்னு சொல்லிட்டிருந்தேன். அம்மாவுக்கே தெரியாம இருந்துச்சு, அவமேல கோவப்படாத. அன்னிக்கு நான் கட் பண்ணல. நீ என்ன கேட்டன்னு அம்மாதான் அப்புறம் சொன்னா." போனை இன்னும் கிட்டே பிடித்துக்கொண்டார். "வா பாப்பா. லீவு இன்னும் இருந்தா வா. வேலைய விட்டுட்டு வராத, அத மட்டும் பண்ணாத. பாத்துட்டுப் போக வா."

போனை மனைவியிடம் நீட்டினார். "என்ன சொல்றா?"

அவள் காதில் வைத்தாள். வார்த்தை எதுவும் வரவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தமும், தூரத்தில் யாரோ பெண்கள் சிரிப்பதும்தான் கேட்டது. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வர்றாளாம்" என்றாள் அவள்.

அதைச் சொன்ன பிறகுதான் அந்தப் பக்கத்திலிருந்து நிஜமாகவே குரல் வந்தது. "சனிக்கிழமை பஸ் ஏறறேம்மா."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தாள். பஸ் நின்ற இடம் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. புதுப் பாலத்துக்கு எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் இரண்டு கிலோமீட்டர் திரும்பி நடந்திருக்கிறாள். டயர்கடைக்காரர்தான் பார்த்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். "ரேடியோ! யார் வந்திருக்கா பாரு!" என்று அவர் போட்ட சத்தம் கேட்டது. பால்கனியில் துவைத்த துணியைப் பிழிந்துகொண்டிருந்த ரேடியோ, ஈரக் கையோடு வந்து வாசலில் நின்றார்.

மெலிந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. அப்பாவைக் கட்டிக்கொண்டு அவர் தோளில் முகத்தை வைத்து மளமளவென்று ஏதோ சொன்னாள். அம்மாவுக்குக் கேட்டது: இத்தனை நாளும் உங்களைத் திட்டிக்கொண்டே இருந்தேன் என்றாள். அவர் அவளைத் தள்ளிப் பிடித்து முகத்தைப் பார்த்தார்.

"தோள்ல பேசாத. தோளுக்குக் காது இல்ல."

சாப்பிட்டு முடிந்ததும் அவர் நாற்காலி ஒன்றை ஜன்னலுக்கு எதிரே போட்டு, வெளிச்சம் அவள் முகத்தில் விழுகிற மாதிரி அவளை உட்காரவைத்தார். தான் எதிரே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மனைவி பேசுவது அவருக்கு வாயசைவில் பாதிக்கு மேல் பிடிபடும், இருபத்துநாலு வருஷப் பழக்கம். மகளின் வாய் அவருக்குப் புதிது. போனபோது இருந்த வாய் இல்லை. அவள் பேசினாள், அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார், தலையை ஆட்டினார், தெரியவில்லை என்று.

"சரி சரின்னு சொல்லலாம்ல?" என்று கேட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

அது அவருக்கு எப்படியோ புரிந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

"மெதுவாச் சொல்லு. எனக்கு அவசரம் இல்ல. நாளைக்கும் லீவு போட்டிருக்கேன்."

"என்னப்பா சொல்றது?"

இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

"எல்லாந்தான். அம்மாகிட்ட மூணு வருஷமாச் சொன்னியே, அது."

"எங்க இருந்து?"

"பஸ் ஏறுனேல்ல, அன்னிலேருந்து."

கீழே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். இதெல்லாம் அவள் ஞாயிறு ஞாயிறாகக் கேட்டு மனப்பாடமான கதை. இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பஸ்ல ஜன்னல் சீட்டு கெடைக்கலப்பா" என்று பாப்பா ஆரம்பித்தாள்.

"என்ன சீட்டு?"

"ஜன்னல்."

"சின்னதா?"

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். உதட்டைக் குவித்து, பிரித்து, நாக்கை மேலே தொட்டுக் காட்டினாள். "ஜன். னல்."

"ஜன்னல்!" என்றார் அவர். முகம் மலர்ந்து போயிருந்தது. "ஜன்னல் சீட்டு கெடைக்கல. ம். அப்புறம்?"